நீதித் துலாம் கடையின் வாசல்

2022ஆம் ஆண்டு ஆவணி மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, திருநெல்வேலி சந்திப்பில் இருக்கும் ‘நீதித் துலாம் எடைக் கருவிகள்’ கடையின் வாசல், அந்தக் கடையின் பங்குதாரர்கள் மூவரையும் வெளியே விடுவதை நிறுத்திக்கொண்டது. மற்றவர்களுக்கு அது வாசலாகவே இருந்தது. தராசு ரிப்பேருக்கு வந்தவர்கள் உள்ளே வந்து வெளியே போனார்கள்; தபால்காரர் வந்து போனார்; ஓர் ஆடு உள்ளே வந்து மாவிலைத் தோரணத்தில் பாதியைத் தின்றுவிட்டு நிதானமாக வெளியே போயிற்று. பங்குதாரர்களில் ஒருவர் படிக்கு வெளியே காலை வைத்தால் மட்டும் அந்தக் கால் கடைக்குள்ளேயே வந்து விழுந்தது. மூக்குக்கு நேரே தெருவுக்குப் பதிலாகச் சுவர்க் காலண்டர் இருந்தது. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, சத்தம்கூட இல்லை. முதலில் வெளியேறப் பார்த்த சிவசைலம், செருப்பில்தான் ஏதோ கோளாறு என்று அதைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை முயன்றார். ஆறாவது முறைக்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, “என்ன வே இது, கட வெளிய விட மாட்டேங்கு” என்றார். அன்று காலை கடையில் நடந்த விழாவுக்காக நாற்பது பேருக்கு ஓட்டலில் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். விருந்தினர்கள் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வரவேற்க ஆளில்லாமலே சாப்பிட்டார்கள். அவியல் நன்றாக இருந்ததாகப் பேச்சு.

மூவரையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிரிஸில்லாவின் கணவர் ஞானசிகாமணி, ஜில்லாவிலேயே கை சுத்தமான தராசு மெக்கானிக் என்று பெயர் எடுத்தவர்; கொரோனா வருஷத்தில் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தே பிரிஸில்லா அந்தத் தொழிலை அவரைவிட நன்றாகக் கற்றிருந்தார். சிவசைலம் பஜாரில் பிறந்து பஜாரில் வளர்ந்தவர். அரிசிக் கடை, மீன் கடை, பழக் கடை என்று தராசு வைத்திருக்கும் யாவரும் அவருக்கு மச்சானோ மாமாவோ ஆக வேண்டும். வர்த்தகர் சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் ஒருநாள் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. ராமசுப்பு வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு நிர்வாகவியல் பற்றிப் பதினொரு புத்தகங்கள் படித்திருந்தார். அவற்றைச் சொல்லக் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாததால் பங்குதாரர் ஆனார். 2030க்குள் பதினான்கு கிளைகள் என்று ஒரு வரைபடம் போட்டு, அதைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். பிரிஸில்லாவிடம் வரைபடம் ஏதும் இல்லை. மகள் ரீபாவுக்கு ஒரு கல்யாணத்தை முடித்து, பங்கை யாரிடமாவது தள்ளிவிட்டு, மகளோடு போய் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. இதை மற்ற இருவரிடமும் அவர் சொல்லவில்லை. அவர்களும் தங்கள் ஆசையை இவரிடம் சொல்லவில்லை.

கடையில் வேலை மூன்று கையாக நடந்தது. பித்தளைச் சோதனைக் கற்களை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது பிரிஸில்லா. இனி யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது என்று கம்பி கோத்து ஈயக் குண்டு அடிக்கும் இடுக்கி சிவசைலத்திடம். தராசு சரி என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது ராமசுப்பு. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வசதி இருந்தது. பிரிஸில்லா சரியாக வைத்த தராசை, ஈயக் குண்டு அடிப்பதற்கு முன், சிவசைலம் லேசாகத் திருகிவிடுவார். தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் தக்காளியை ஒரு கிலோ என்று அது காட்டும். காய்கறிக்காரர் சும்மா போடும் கறிவேப்பிலைக்குக் கொசுறு என்று பெயர் இருப்பதுபோல, இதற்கும் கடையில் கொசுறு என்றே பெயர். “அண்ணாச்சி, நம்ம தராசுக்குக் கொஞ்சம் கொசுறு போட்டுரும்” என்று பஜாரில் வெளிப்படையாகவே கேட்பார்கள். பிரிஸில்லாவுக்கு இது தெரியும். தன் கையை விட்டுப் போகும்போது தராசு சரியாகத்தான் இருந்தது என்று இருந்துவிட்டார். ராமசுப்புவுக்கும் தெரியும், தன் கைக்கு வரும்போது ஈயக் குண்டு விழுந்துவிட்டது என்று அவரும் இருந்துவிட்டார். சிவசைலம், தராசைப் பார்ப்பதும் கையெழுத்துப் போடுவதும் தான் இல்லையே என்று இருந்தார். ஆக, மூன்று யோக்கியர்கள் சேர்ந்து வாரத்துக்குப் பத்துப் பொய்த் தராசு செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் ராமசுப்பு தன் ஒன்பதாவது புத்தகத்தின்படி ஒரு நோக்கப் பத்திரம் எழுதினார். ‘நாங்கள் மூவரும் ஒரே மனதாய், ஒரே நோக்கத்தோடு, நாணயம் தவறாத பாதையில் மட்டுமே அடியெடுத்து வைப்போம்’ என்று முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, தேக்குச் சட்டம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஆவணி இருபதாம் தேதி கடையில் மாட்டினார்கள். சங்கத் தலைவர் வந்து வணிகத்தில் நேர்மை பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவர் அரிசி மண்டித் தராசுக்குப் போன வாரம்தான் இதே கடையில் கொசுறு போட்டிருந்தது. அதனால் பேச்சில் உருக்கம் இருந்தது. முத்திரைத்தாளில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. கடை நம்பிவிட்டது.

முதல் வாரம் ஊர் திரண்டு பார்த்தது. இரண்டாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு புது ஐஸ்கிரீம் கடை திறந்ததால் கூட்டம் அங்கே போய்விட்டது. மூவரும் உள்ளேயே குடித்தனம் நடத்தினார்கள். பின்னறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரிஸில்லாவும், மேஜைக்குக் கீழே மற்ற இருவரும் படுத்தார்கள். பிரிஸில்லாவின் சபைப் பெண்கள் ஐக்கியச் சங்கம் இது முறையா என்று இரண்டு கூட்டம் போட்டு விவாதித்து, கடைசியில் ஜெபக் குறிப்பில் சேர்த்தது. சாப்பாடு சிவசைலம் வீட்டிலிருந்து வந்தது. சிவசைலத்தின் குறட்டை, ராமசுப்பு விடியற்காலையில் சொல்லும் மேற்கோள்கள், பிரிஸில்லா மௌனமாகத் தட்டும் பாத்திரங்கள் என்று ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. பூசாரி வந்தார், பாதிரியார் வந்தார், வாஸ்து பார்ப்பவர் வந்து வாசலை ஓர் அடி தள்ளி வைக்கச் சொன்னார். ஓர் அடி தள்ளி வைத்தார்கள். அந்த வாசலும் விடவில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீசரண் என்று கோட்டுப் போட்ட பயிற்சியாளர் ஒருவர் வந்து, ஒருவர் கண்ணை மூடிப் பின்னால் சாய மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வைத்தார். ராமசுப்பு கண்ணை மூடிச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாழைக்காய் வியாபாரி வந்ததால் சிவசைலம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ராமசுப்புவுக்கு இடுப்பில் மூன்று மாதம் வலி இருந்தது. மூவரின் நோக்கமும் ஒன்றாகிவிட்டது என்று பயிற்சியாளர் ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அவரை வாசல் தடுக்கவில்லை. எந்த நோக்கமும் இல்லாதவர்களை அது எப்போதுமே தடுத்ததில்லை.

மறு வருஷம் வைகாசியில் ரீபாவின் கல்யாணம் பாளையங்கோட்டையில் நடந்தது. மாப்பிள்ளை கிருபைராஜ் நாசரேத்துக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். கடையிலிருந்து சர்ச்சு மூன்று கிலோமீட்டர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும். பிரிஸில்லா கிரீம் கலர் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, காலை எட்டு மணியிலிருந்து வாசல் படியில் காலை வைத்து வைத்துப் பார்த்தார். பத்தரைக்கு மணி அடித்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, சோதனைக் கற்களைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் பொண்ணு மாப்பிள்ளை மாலையோடு காரில் கடைக்கு வந்து இறங்கினார்கள். மேடைத் தராசுகளுக்கு நடுவே நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ரீபா அழுதால் கண்மை கரையும் என்று அழவில்லை. அம்மா காதில் மட்டும், “பிள்ளப் பேறுக்காவது நீ என் பக்கத்துல இருக்கணும் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பிரிஸில்லாவுக்கு வேறு எண்ணம் இல்லை. ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது வாசலுக்குப் போய்க் காலை வெளியே வைத்துப் பார்ப்பார். ஆனால் வாசலுக்கு ஒருத்தியின் எண்ணம் போதவில்லை.

அந்த வருஷம் மார்கழி பிறந்த அன்று பெய்த மழையில் தாமிரபரணி கரை உடைத்துச் சந்திப்புக்குள் வந்தது. கடைக்குள் இடுப்பளவு, பிறகு கழுத்தளவு. மூவரும் பரண்மேல் ஏறிக்கொண்டார்கள். உவரியிலிருந்து லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள் தெருத் தெருவாக ஆட்களை மீட்டார்கள். சந்தியாகு என்பவர் தன் படகைக் கடைக்குள்ளேயே விட்டு, “ஏறுங்க அண்ணாச்சி, பைய ஏறுங்க” என்று கைகொடுத்தார். மூவரும் ஏறினார்கள். படகு வாசலைத் தாண்டியதும் அதில் சந்தியாகு மட்டும் இருந்தார். மூவரும் நனைந்த துணியோடு பரண்மேல் இருந்தார்கள். மூன்று முறை ஏற்றினார். மூன்று முறையும் அப்படியே ஆயிற்று. உயிருக்குத் தப்பி ஓடும்போதுகூட ராமசுப்புவின் மனசு சட்டம் போட்ட பத்திரத்திலும், சிவசைலத்தின் மனசு பிரிக்காத புதுத் தராசுப் பெட்டிகளிலும், பிரிஸில்லாவின் மனசு பாளையங்கோட்டையில் ஆறு மாதக் கர்ப்பத்தோடு மாடியில் நிற்கும் மகளிடத்திலும் இருந்தது. “வெளிய வர மனசில்லாதவங்கள நான் எங்கன வே கொண்டு எறக்க?” என்று சந்தியாகு மூன்று ரொட்டிப் பொட்டலங்களை எறிந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். இரண்டு நாள் பரண்மேல் இருந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது பத்திரத்தில் கையெழுத்துகள் மட்டும் அழிந்திருந்தன. மீதி எல்லாம் பளிச்சென்று இருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் இருந்த தராசெல்லாம் நனைந்து ரிப்பேருக்கு வந்தது. தை மாதத்தில் ஒரே வாரத்தில் அறுபத்தொன்று. மீட்பு வேலையில் நனைந்த தன் மீன் தராசைச் சந்தியாகுவும் கொடுத்துவிட்டிருந்தார். மூவரும் ராப்பகலாகப் பார்த்து அனுப்பினார்கள்.

2024 பங்குனி எட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கிருபைராஜ் போன் செய்தான். “அத்தை, ரீபாவுக்கு வலி வந்துட்டு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. பிள்ள சின்னதா இருக்கும்போலன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. ரெண்டு கிலோ இருந்தா கையில குடுத்துருவாவளாம், கொறஞ்சா சூட்டறையில வச்சுதான் காப்பாத்தணுமாம்.” எந்த ஆஸ்பத்திரி என்றும் சொன்னான். பிரிஸில்லா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பதினான்கு முறை வெளியே போய்ப் பதினான்கு முறை காலண்டரைப் பார்த்தார். பதினைந்தாவது முறை திரும்பியபோது சிவசைலம் முகம் சாம்பலாகி உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அடிச்சிராதிய.”

“சொல்லும்.”

“தை மாசம் அறுபத்தொரு தராசு வந்துச்சில்லா. சந்தியாகு தராசும் வெள்ளக் கலரு, அந்த ஆஸ்பத்திரியில பிள்ள நிறுக்குற தராசும் வெள்ளக் கலரு. தட்டக் கழத்திட்டா ரெண்டும் ஒண்ணு போலதான் கெடக்கும்.”

“அதுக்கு என்ன இப்ப?”

“சந்தியாகு கிலோவுக்கு அரைக்கால் கொசுறு கேட்டான்க்கா. நான் அத மாத்தி அடிச்சிட்டேன்னு நெனைக்கேன்.”

கிலோவுக்கு அரைக்கால் என்றால் நூற்றிருபத்தைந்து கிராம். ஒன்றே முக்கால் கிலோ சொச்சம் இருக்கும் பிள்ளையை அந்தத் தராசு இரண்டு கிலோ என்று காட்டும். பிரிஸில்லா இதை விரல் விடாமல் கணக்குப் பண்ணினார். “அப்ப ரெண்டு மாசமா அங்கன பொறந்த பிள்ளையெல்லாம்?”

“எல்லாம் கொஞ்சம் கொழுகொழுன்னு பொறந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு சிவசைலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உவரிச் சந்தியாகு இரண்டு மாதமாகக் குறையாமல் நிறுத்துக் கொடுக்கிறார் என்று மூன்று ஊர்ச் சந்தையில் பேர் பரவியிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது.

ராமசுப்பு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். தராசில் கோளாறு இருப்பதாகச் சொன்னார். “சர்டிபிகேட் இருக்கே சார்” என்றாள் நர்ஸ், “அடுத்த வருஷம் வரைக்கும் தேதி போட்டு, ராமசுப்புன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு.” “நான்தாம்மா அந்த ராமசுப்பு.” “அப்ப சரியாத்தான சார் இருக்கும்” என்று அவள் போனை வைத்துவிட்டாள். கிருபைராஜிடம் சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். அவனுக்கும் அதே சான்றிதழைக் காட்டினார்கள். வங்கி வேலையில் முப்பத்தைந்து வருஷமும் ராமசுப்புவின் கையெழுத்தை யாரும் இவ்வளவு உறுதியாக நம்பியதில்லை.

“முதல்ல நாம ஒரு நிலைப்பாடு எடுக்கணும்” என்று அவர் ஆரம்பித்தார். பிரிஸில்லா காதில் வாங்கவில்லை. சோதனைக் கற்களைப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியின் ஒரு பிடியை அவர் பிடிக்க, மறு பிடியைச் சிவசைலம் வந்து பிடித்தார். “சார், அந்தத் திருப்புளியை எடுங்க” என்றார் பிரிஸில்லா. ராமசுப்பு எடுத்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, ஆட்டோ கிளம்பி, காற்று முகத்தில் அடித்த பிறகுதான் தாங்கள் வெளியே இருப்பது மூவருக்கும் தெரிந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வெயில்.  பாலத்தின் பாதியில், கீழே தாமிரபரணி தேமே என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், ராமசுப்புவுக்கு ஓர் எண்ணம் வந்தது: இது பேப்பரில் வந்தால் பதினான்கு கிளை என்னாகும்? ஆட்டோ திரும்பவில்லை, பிரேக் போடவில்லை, ஆனால் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் ஆள் இல்லை. மூவரும் பெட்டியோடு உள்ளே இருந்தார்கள். ஆட்டோக்காரன் மணிராஜ் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “நான் பாலத்துலல்லா இருந்தேன்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். இன்னொரு முறை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

மணி ஒன்று. ராமசுப்பு காலண்டரைப் பார்த்தபடி நின்றார். பிரிஸில்லா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார். பிரிஸில்லா கத்தவில்லை. “சார், அது நீங்க கையெழுத்துப் போட்ட பிள்ள” என்றார். அவ்வளவுதான். ராமசுப்பு மேஜையில் உட்கார்ந்து, கடையின் லெட்டர்ஹெட் எடுத்து, ‘இந்தத் தராசு பொய். இதற்கு நான் கொடுத்த சான்றிதழும் பொய். பிள்ளைகளை இதில் தவறாக நிறுத்ததற்கு நாங்கள் மூவரும் பொறுப்பு’ என்று எழுதினார். அலங்காரம் இல்லாமல் அவர் எழுதிய முதல் வாக்கியங்கள் அவை. கையெழுத்துப் போட்டு, சிவசைலத்திடம் நீட்டினார்.  சங்கச் செயலாளர் தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. “இதுக்கு மேல நாற்காலியில உக்காந்து என்னத்த” என்று அவரும் போட்டார். பிரிஸில்லா மூன்றாவதாகப் போட்டார். போடும்போது, தன் கையை விட்டுப் போகையில் தராசு சரியாகத்தான் இருந்தது என்ற பேச்சை அன்றோடு விட்டார்.

இந்த முறை நடந்து போனார்கள். பெட்டியை இருவர் தூக்க, நடுவில் ராமசுப்பு காகிதத்தோடு. மனசு விலகாமல் இருக்க, “ரெண்டு கிலோ, ரெண்டு கிலோன்னு சொல்லிக்கிட்டே வாங்க” என்று பிரிஸில்லா சொல்லியிருந்தார். பட்டப்பகலில் மூன்று பெரியவர்கள் “ரெண்டு கிலோ, ரெண்டு கிலோ” என்று முனகிக்கொண்டு பாலத்தைக் கடப்பதைப் பார்த்தவர்கள், வேண்டுதல் என்று நினைத்து வழி விட்டார்கள். நடுப்பாலத்தில் சிவசைலத்துக்கு எதிரே சங்கத் தலைவரின் கார் வந்தது. சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள்.

“நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?” என்று நர்ஸ் கேட்டாள். “ஆச்சி” என்றார் பிரிஸில்லா. “நாங்க பங்குதாரர்” என்றார் சிவசைலம். ராமசுப்பு காகிதத்தை நீட்டினார். இரண்டு கிலோக் கல்லைத் தட்டில் வைத்தார்கள். தராசு இரண்டேகால் என்று கூசாமல் காட்டியது. நர்ஸ் தன் தலையில் தானே கை வைத்துக்கொண்டாள். சிவசைலம் தான் அடித்த ஈயக் குண்டைத் தானே பிடுங்கினார். பிரிஸில்லா திருகிச் சரிசெய்தார். ராமசுப்பு மூன்று முறை கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதுச் சான்றிதழ் எழுதினார். அதுவரை ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமலே நடந்த வேலையை அன்றைக்கு மூவரும் ஒரே தராசைக் குனிந்து பார்த்துச் செய்தார்கள்.

நாலேகாலுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண். தட்டில் வைத்தபோது ஒன்று புள்ளி ஏழு எட்டு என்று நின்றது. பழைய தராசாக இருந்திருந்தால் இரண்டு கிலோவைத் தொட்டிருக்கும். கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது சூட்டறைக்குக் கொண்டு போனார்கள். போகும் வழியில் பிரிஸில்லா ஒற்றை விரலால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். கட்டிலில் இருந்த ரீபா, “வந்துட்டியாம்மா” என்றாள். வந்துட்டேன் என்று சொல்ல அவர் வாய் திறந்தபோது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத சிவசைலத்துக்குச் சாப்பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. பிரிஸில்லா அந்தப் பதிலைக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பிறகு பத்தொன்பது நாள், தினமும் காலை பத்து மணிக்குப் பிள்ளையை எடை பார்க்கும் நேரத்தில் மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இன்றைக்கு எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூவருக்கும் ஒரே மாதிரி ஆசை இருந்தது. வாசலுக்கு அது போதுமாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் யாராவது ஒருவர் வேறு எதையாவது நினைப்பார். அடுத்த அடி கடைக்குள் விழும். இரண்டு மாதத்தில் அந்தத் தராசில் நிறுத்த மற்றப் பிள்ளைகளில் சந்தேகத்துக்குரியவை ஏழு. ஏழு வீட்டுக்கும் தராசைச் சுமந்து போனார்கள். ஏழும் பிழைத்து, பால் குடித்து, நன்றாகவே இருந்தன. இரண்டு வீட்டில் திட்டினார்கள்; ஒரு வீட்டில் அடிக்க வந்தார்கள்; மூவரும் நகராமல் நின்று வாங்கிக்கொண்டார்கள். நகர்ந்திருந்தாலும் வேறெங்கும் போயிருக்க முடியாது.

பிறகு பஜார்த் தராசுகள். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகக் கொசுறை எடுத்தார்கள். வர்த்தகர் சங்கம் சிவசைலத்தை இனிச் சேர்த்துக்கொள்வதில்லை என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வாசித்த தலைவரின் மண்டித் தராசு நூற்று ஏழாவதாகச் சரியானது. சந்தியாகுவிடம், அவர் தராசில் கொசுறு விழவே இல்லை என்ற உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனார்கள். அவர், “இவ்வளவு நாளும் நான் ஏமாத்துதேன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்” என்றார். பிறகு, “இப்ப நல்லவன்னு பேராயிட்டு, இனி என்ன செய்ய, அப்படியே விட்டுரும்” என்றார். வாடிக்கை அவருக்கு இரண்டு மடங்காயிருந்தது. அந்தப் பெயரிலிருந்து வெளியேற அவருக்கும் வழி இல்லை. கடையில் வேலை முன்னைவிடக் குறைந்தது, பிறகு முன்னைவிடக் கூடியது. நர்ஸுகளும் ரேஷன் கடைக்காரர்களும் மணிமுத்தாற்றிலிருந்து மலை மிளகு கொண்டுவருபவர்களும் தேடி வந்தார்கள். மூவரும் ஒரே எண்ணத்தோடு கிளம்பினால் எங்கும் போகலாம் என்பதும், எண்ணம் பிரிந்தால் நடந்தாலும் வண்டியில் இருந்தாலும் கடையில்தான் போய் நிற்பார்கள் என்பதும் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று; கடைக்குக் கூட்டுக் கடை என்று பேரே வந்துவிட்டது. ஒருமுறை ஐம்பத்துநான்கு பேரோடு ஒரு தென்காசி பஸ், சிவசைலத்துக்கு நடுவழியில் பல்வலி வந்து மனசு மாறியதால், சந்திப்பில் கடை முன்னால் வந்து நின்றது. அதிலிருந்து கண்டக்டர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூவரையும் கேட்காமல் விசில் கொடுப்பதில்லை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பெயர் எபி என்று முடிவாகியிருந்தது. ஆராதனை ஒன்பதரைக்கு, பிள்ளையைப் பாதிரியார் கையில் கொடுப்பது ஆச்சிதான் என்று ரீபா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பிரிஸில்லா அதே கிரீம் கலர் பட்டு கட்டியிருந்தார். ஆறரை மணி பஸ்ஸில் மூவரும் மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆழ்வார்திருநகரி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் ராமசுப்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டார். அவருடைய அக்கா ஜயலக்ஷ்மியின் வீடு அந்தத் தெருவில்தான். அந்த அம்மாள் வாசலில் நின்று, கையில் காபி டம்ளரோடு, தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அவர் அக்காவைப் பார்க்கவில்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார். “சார், மனசு எங்க இருக்கு?”

“அங்கதான் இருக்கு. ரெண்டு நிமிஷம் பொறுங்கோ.”

பிரிஸில்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை; மனசு பிரியாமல் இருக்க அவரும் சிவசைலமும் அந்த டம்ளரையே பார்த்தார்கள். அந்த அம்மாள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வர, சிவசைலம் எழுந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டம்ளரை வாங்கி ராமசுப்புவிடம் கொடுத்தார். ராமசுப்பு ஒரு வாய் குடித்துவிட்டு பிரிஸில்லாவிடம் கொடுக்க, அவர் ஒரு வாய் குடித்துவிட்டு சிவசைலத்திடம் கொடுத்தார். டம்ளர் காலியாகி வெளியே போயிற்று. ராமசுப்பு அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வண்டியில் நாற்பது பேர் இருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் பக்கத்து சீட்டுக்காரரிடம், வண்டி ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார்.

“கூட்டுக் கட வே” என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரிஸில்லா ராமசுப்புவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, “போலாம்” என்றார். விசில் கேட்டது. பஸ் நாசரேத்துக்குப் போயிற்று.